"டீச்சர், என்ன உடுத்திட்டுப் போறது?"



கல்வியியற் கல்லூரி நேர்முகப் பரீட்சைக் கடிதங்கள் வரத் தொடங்கினால் எங்கள் மூவரின் ஃபோனுக்கும் ஓய்வில்லை. கற்பிட்டியிலிருந்து பாலாவி வரைக்கும் உள்ள பிள்ளைகள் எடுப்பார்கள். எந்தப் பாடம், என்ன கேள்வி வரும், எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் பிறகு. முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "டீச்சர், என்ன உடுத்திட்டுப் போறது?"

ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக வொய்ஸ் அனுப்பிக் களைத்துவிட்டோம். அதனால் எல்லாருக்கும் சேர்த்து ஒரே இடத்தில் எழுதுகிறோம். மூன்று பேரும் உட்கார்ந்து பேசி எழுதியது, ஆகவே "நாங்கள்". ஒரே பாடசாலையில் உயர்தரம் படித்து, ஒரே நாளில் நேர்முகப் பரீட்சைக்குப் போய், இன்று மூன்று பாடசாலைகளில் படிப்பிக்கிறவர்கள். பதிவு கொஞ்சம் நீளம். உம்மாமாரும் வாப்பாமாரும் கடைசிவரை வாசியுங்கள். இது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

முதலில், இந்த ஒரு நாள் ஏன் இவ்வளவு பாரம் என்று சொல்ல வேண்டும். நம் நாட்டில் பல்கலைக்கழகம் போகப் பெரும்பாலான பாடநெறிகளுக்கு நேர்முகப் பரீட்சை இல்லை. 2001 இலிருந்து இசட் புள்ளிதான். 40 வீதம் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், மிச்சம் 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்த 16 இல் நம் புத்தளமும் ஒன்று. அங்கே பிள்ளையின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. சுட்டெண்ணைப் பார்ப்பார்கள், புள்ளியைப் பார்ப்பார்கள், முடிந்தது.

வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்ட பிள்ளைக்கு அடுத்த கதவு கல்வியியற் கல்லூரி. நாடு முழுக்க 19 கல்லூரிகள். இரண்டு வருடம் கல்லூரியில், ஒரு வருடம் பாடசாலையில் பயிற்சி, அதன் பிறகு அரச நியமனம். கடல் அடிக்கிற மாதங்களில் வள்ளம் கரையில் கிடக்கும் வீடுகளுக்கு ஒரு மாதச் சம்பளம் என்றால் என்னவென்று நாங்கள் சொல்லத் தேவையில்லை. இந்தக் கதவில் மட்டும் புள்ளியோடு ஆளையும் பார்க்கிறார்கள். நம் கரையோரப் பெண்பிள்ளைகள் பலருக்கு, மேசைக்கு அந்தப் பக்கம் முன்பின் தெரியாத மூன்று நான்கு பேர் இருந்து தன்னை மேலும் கீழும் பார்ப்பது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. "என்ன உடுத்துறது" என்று அவள் கேட்பதை அலங்கார ஆசை என்று சிரித்துத் தள்ளாதீர்கள். "அங்க என்னை ஏத்துக்குவாங்களா" என்பதைத்தான் அவள் அப்படிக் கேட்கிறாள்.

இனி எங்கள் கதை. 2011. நாங்கள் மூவரும் மூன்று விதமாகப் போனோம்.

ஒருத்தி பாடசாலைச் சீருடையில் போனாள். அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த வெள்ளைத் துணியில் தைத்த சட்டையும் களிசானும் பர்தாவும். உயர்தரம் எழுதி முடித்து ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. நீலம் போட்டுக் கழுவி, அயன் பண்ணி, கை நீளம் பற்றாததால் உம்மா மடிப்பை அவிழ்த்து விட்டுத் தைத்துக் கொடுத்தார். அந்த வீட்டில் வேறு நல்ல உடுப்பு இல்லை. அவ்வளவுதான் காரணம்.

அடுத்தவள் கறுப்பு அபாயா. அவளுடைய உம்மா குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பி வரும்போது கொண்டுவந்தது. கையில் மினுங்கல் வேலைப்பாடு இருந்தது. "இது கலியாண வீட்டுக்குச் சரி, இன்டவியூவுக்குச் சரிவராது" என்று சொல்லி முதல் நாள் இரவு ஒவ்வொரு மணியாகப் பிடுங்கி எடுத்தார் அந்த உம்மா.

மூன்றாமவள் சாரி. டீச்சர் ஆகப் போகிறவள் டீச்சர் மாதிரிப் போக வேண்டும் என்று பெரியும்மா தன் சாரியைக் கொடுத்தார். அதற்கு முன் அவள் சாரி உடுத்ததே இல்லை. பக்கத்து வீட்டுக் கத்தோலிக்க அன்டி விடியற்காலை இரண்டரைக்கு எழும்பி வந்து கட்டிவிட்டு, தலைக்கு முக்காடும் சரிசெய்து, சிலுவை போட்டு அனுப்பி வைத்தார். பாலாவிச் சந்தியில் பஸ் ஏறும்போது சரியாகத்தான் இருந்தது. சிலாபம் தாண்டும்போது கொசுவம் அவிழத் தொடங்கிவிட்டது.

உள்ளே என்ன நடந்தது? சீருடைக்காரியிடம் உடுப்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வலைப்பந்து விளையாடிய சான்றிதழைப் பார்த்து, அதைப் பற்றியே கேட்டார்கள். அபாயாக்காரியிடம் ஒருவர் கேட்டார்: "வகுப்புக்கும் இப்படியேதான் வருவீங்களா?" அவள் சொன்னாள்: "முகம் திறந்திருக்கு சேர். சத்தம் கடைசி வாங்கு வரைக்கும் கேக்கும். கரும்பலகையில எழுதக் கை எட்டும். பிள்ளைகளுக்கு வேற என்ன சேர் வேணும்?" ஒருவர் சிரித்தார். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். சாரிக்காரியிடம் "ஏன் ஆசிரியராக விரும்புகிறீர்கள்" என்று கேட்டார்கள். ஒரு கை ஃபைலைப் பிடிக்க, மறு கை கொசுவத்தைப் பிடிக்க, அவள் என்ன பதில் சொன்னாள் என்று இன்றைக்கும் அவளுக்கு நினைவில்லை.

மூவருமே எடுபட்டோம், அல்ஹம்துலில்லாஹ். எந்த உடுப்பும் எங்களைச் சேர்க்கவுமில்லை, தள்ளவுமில்லை. ஆனால் அந்த அறைக்குள் இருந்த சில நிமிடங்களில் மனதை உடுப்பிடம் பறிகொடுத்தவள் ஒருத்தி, பறிகொடுக்காதவர்கள் இருவர். நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும் பதில் முழுவதும் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து வந்ததுதான்.

"அதெல்லாம் அந்தக் காலம் டீச்சர், இப்ப நிலைமை வேற" என்று பிள்ளைகள் சொல்வார்கள். அதுவும் உண்மைதான். அவர்கள் பயப்படக் காரணம் உண்டு. 2018 ஏப்ரலில் திருகோணமலையில் ஒரு பாடசாலைக்கு முஸ்லிம் ஆசிரியைகள் அபாயாவோடு வந்ததற்கு எதிராக ஆர்ப்பாட்டம் நடந்தது. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, ஏப்ரல் 29 இல் அவசரகாலச் சட்டத்தின் கீழ் முகம் மூடுவது தடைசெய்யப்பட்டது. தடை முகத்துக்கு மட்டும்தான். ஆனால் தலையை மூடியவர்களையும் கடைகளிலும் அலுவலகங்களிலும் நிறுத்தினார்கள். மே 13 இல் நம் மாவட்டத்திலேயே, கொட்டாரமுல்லையில், ஓர் உயிர் போனது. அதே மே மாதக் கடைசியில் வந்த அரச நிர்வாகச் சுற்றறிக்கை 13/2019, அரச அலுவலகங்களில் பெண்கள் சாரி அல்லது ஒசரி உடுக்க வேண்டும் என்றது. எதிர்ப்பு வந்து சில வாரங்களில் அதைத் திருத்தினார்கள். 2024 ஜனவரியில் உயர்தரப் பரீட்சை எழுதிய திருகோணமலை ஸாஹிராப் பிள்ளைகள் 70 பேரின் பெறுபேறு, பர்தாவால் காது மறைந்திருந்தது என்ற காரணத்துக்காக நிறுத்தி வைக்கப்பட்டது. இதையெல்லாம் பார்த்து வளர்ந்த பிள்ளை கண்ணாடிக்கு முன் நின்று யோசிக்காமல் இருப்பாளா?

இது நம் தலைமுறைக்கு மட்டும் வந்த சோதனையுமில்லை. 1905 இல் சட்டத்தரணி எம்.சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பியோடு உயர் நீதிமன்றத்தில் நின்றபோது, தொப்பியைக் கழற்றாமல் வாதாட முடியாது என்றார் அன்றைய பிரதம நீதியரசர் லயார்ட். அப்துல் காதர் தொப்பியைக் கழற்றவில்லை. ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் போன்றவர்கள் முன்னின்று ஊர் ஊராகப் பேசி, 1905 டிசம்பர் 31 இல் மருதானைப் பள்ளிவாசல் வளவில் பெரிய கூட்டம் கூட்டினார்கள். மனுக் கொடுத்தார்கள். முடிவில் தொப்பியோடு வாதாட அனுமதி கிடைத்தது. அவர்கள் அமைதியாக, எழுத்தில், காரணத்தோடு கேட்டு வாங்கினார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அப்துல் காதர் படித்து முடித்த சட்டத்தரணி. ஊரே அவர் பின்னால் நின்றது. நம் பிள்ளைக்கு வயது இருபது, தனியாகப் போகிறாள். ஒரு சமூகம் சுமக்க வேண்டிய போராட்டத்தை அவள் ஒருத்தியின் தலையில் ஏற்றி அந்த அறைக்குள் அனுப்புவது நியாயமில்லை. அவள் அங்கே போவது ஓர் இடத்தைப் பெற்றுக்கொண்டு வர.

சில வருடங்களுக்கு முன் நடந்த ஒன்று. நேர்முகப் பரீட்சைக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஒரு மாணவி வந்து "நான் போகல்ல டீச்சர்" என்றாள். அபாயாவோடு போனால் வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார்களாம் என்று வாப்பாவுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். "அவமானப்பட்டு ஒண்டும் படிக்க வேணாம்" என்றார் வாப்பா. "அப்ப சாரியில அனுப்புவோம்" என்றார் உம்மா. "இடுப்புத் தெரிய சாரி உடுத்தா என் பேத்தி?" என்றார் உம்மும்மா. மூன்று நாள் வீட்டில் இதே பேச்சு. ஏன் படிப்பிக்க ஆசைப்படுகிறாய் என்று அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை. நடுவில் ஒரு மாப்பிள்ளைப் பேச்சு வேறு வந்துவிட்டது.

நாங்கள் செய்தது ஒன்றே ஒன்று. கடிதத்தில் இருந்த தொலைபேசி இலக்கத்துக்கு அவளுடைய வாப்பாவை முன்னால் வைத்துக்கொண்டே எடுத்தோம். சிங்களத்தில் கேட்டோம்: உடுப்பைப் பற்றி ஏதும் நிபந்தனை உண்டா? எடுத்தவர் ஒரு பெண். "சுத்தமா, அடக்கமா வந்தாப் போதும். மூலப்பிரதிகளை மறக்காமக் கொண்டு வரச் சொல்லுங்க" என்றார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்தப் பிள்ளை அபாயாவில் போனாள். இன்று ஆரம்பப் பிரிவு ஆசிரியை. ஊர்க் கதையை நம்பி இருந்திருந்தால் அந்த இடம் வேறு ஒருவருக்குப் போயிருக்கும்.

ஆகவே பிள்ளைகளே, எங்கள் பதில் இதுதான். ஏற்கெனவே உடுத்துப் பழகிய உடுப்பை உடுத்துங்கள். அன்றைக்கு முதல் தடவையாக எதையும் உடம்பில் போடாதீர்கள்.

சாரி உடுத்துப் பழக்கம் இருந்தால் சாரி நல்லது. முழுக்கை ஜாக்கெட்டும் முக்காடும் நம் உம்மும்மாமாரின் உடுப்புத்தான். அபாயா பரவலாகும் முன் இந்தக் கரையில் நம் பெண்கள் சாரித் தலைப்பால் தலையை மூடித்தான் பள்ளிக்கூடமும் பள்ளிவாசலும் கலியாண வீடும் போனார்கள். "சாரி நம்மட உடுப்பில்ல" என்று யாரும் சொன்னால் வீட்டிலுள்ள பழைய ஃபோட்டோவைக் காட்டுங்கள். ஆனால் பழக்கம் இல்லையென்றால் மூன்று மணி நேரப் பஸ் பயணத்தில் சாரி உங்களுக்கு எதிரி.

அபாயா என்றால் மினுங்கல் இல்லாத, தரையில் இழுபடாத ஒன்று. கறுப்புத்தான் வேண்டும் என்றில்லை, கடும் நீலமோ சாம்பலோ இருந்தால் நல்லது. முகம் முழுதாகத் தெரியட்டும். அடையாள அட்டையையும் ஆளையும் சரிபார்க்க வேண்டியது அவர்களுடைய வேலை. நிகாப் போடுகிற பிள்ளைகள் வாசலில் தர்க்கம் வரும்வரை காத்திருக்காமல், அடையாளம் பார்க்க ஒரு பெண் உத்தியோகத்தர் இருப்பாரா என்று முன்கூட்டியே ஃபோனில் கேளுங்கள். பரீட்சை எழுதப் போகும் பிள்ளைகளும் காது விடயத்தை மேற்பார்வையாளரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள். இந்தியாவில் 2015 இல் மருத்துவ நுழைவுத் தேர்வுக்கு ஹிஜாபோடு போக இரண்டு மாணவிகள் கேட்டபோது, கேரள உயர் நீதிமன்றம் அரை மணி நேரம் முன்னதாக வந்து பெண் அலுவலரின் சோதனைக்கு உட்பட வேண்டும் என்று சொல்லி அனுமதித்தது. முறை என்று ஒன்று வைத்தால் இரண்டு பக்கத்துக்கும் நிம்மதி. நம் நாட்டிலும் இப்படி ஒன்றை எழுத்தில் வைத்தால் என்ன என்று அதிகாரிகளைக் கேட்கிறோம்.

சீருடைதான் இருக்கிறதா? வெட்கப்படாதீர்கள். கழுவி அயன் பண்ணிய சீருடைக்கு முன்னால் எந்த மேசையும் குறை சொல்ல முடியாது.

பர்தாவுக்கு ஊசி இரண்டு கூடுதலாகக் கொண்டு போங்கள். சோளகக் காற்றில் பாலாவிச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றவர்களுக்குக் காரணம் தெரியும். சப்பாத்தோ செருப்போ, நடந்து பழகியதாக இருக்கட்டும். முதல் நாள் வீட்டில் அதே உடுப்போடு கதிரையில் உட்கார்ந்து, எழும்பி, ஃபைலைத் திறந்து, ஒரு தாளை எடுத்துக் கொடுத்துப் பாருங்கள். எங்கேயாவது கை தன்பாட்டில் உடுப்பைச் சரிசெய்யப் போனால் அந்த உடுப்பு வேண்டாம். ஆண்பிள்ளைகளுக்கும் இதுதான்: வெள்ளை சேட், கறுப்புக் களிசான், தாடி வைத்திருந்தால் சீவி ஒதுக்கிய தாடி. உங்களிடம் யாரும் இவ்வளவு விளக்கம் கேட்கப் போவதில்லை என்பது வேறு விடயம்.

"இப்படியேதான் வகுப்புக்கு வருவீங்களா" என்று கேட்டால் கோபப்படாதீர்கள், பயப்படவும் வேண்டாம். கேள்வி கேட்பவர் எல்லாரும் பகையாளி இல்லை. சிலருக்கு உண்மையிலேயே தெரியாது. ஒரு வசனத்தில் பதில் சொல்லிவிட்டு, படிப்பிப்பதைப் பற்றிப் பேச்சைத் திருப்புங்கள்.

உடுப்பை விட முக்கியமானது ஃபைல். எங்கள் மூவரில் சீருடையில் போனவளுடைய குடும்பம் 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து விரட்டப்பட்டு வந்தது. உடுத்த உடுப்போடு வந்தார்கள். அவளுடைய உம்மா சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்தவர். சான்றிதழ் வீட்டு அலுமாரியில் இருந்தது. எடுத்து வர விடவில்லை. ஆலங்குடாவில் ஓலைக் குடிசையில் இருந்த வருடங்களில் ஊர்க்காரர்கள் உடுப்புக் கொடுத்தார்கள், அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி கொடுக்கட்டும். சான்றிதழை யாரால் கொடுக்க முடியும்? அந்த அகதி வாழ்க்கையில் பிரதி எடுக்கக் கொழும்புக்கு அலைய அவருக்கு வழியிருக்கவில்லை. படிப்பிக்க வேண்டும் என்ற ஆசை அதோடு நின்றது. அதனால்தான் 2011 இல் அந்த உம்மா மகளுடைய சட்டையை ஒரு தடவை பார்த்தார், ஃபைலை மூன்று தடவை எண்ணிப் பார்த்தார். பிறப்புச் சான்றிதழ், பெறுபேற்றுச் சான்றிதழ்கள், நற்சான்றிதழ், கிராம உத்தியோகத்தரின் சான்றிதழ், அடையாள அட்டை, விளையாட்டுச் சான்றிதழ்கள். எல்லாம் மூலப்பிரதி, எல்லாவற்றுக்கும் ஃபோட்டோக்கொப்பி. உடுப்பு சரியில்லாமல் திரும்பி வந்த பிள்ளையை நாங்கள் இதுவரை கண்டதில்லை. ஒரு தாள் குறைந்ததால் அழுதுகொண்டு திரும்பி வந்த பிள்ளைகளைக் கண்டிருக்கிறோம்.

வாப்பாமாருக்கு ஒரு சொல். புது உடுப்பு வாங்கக் கடன்பட வேண்டாம். போன தடவை ஒரு வீட்டில் பிள்ளையின் காதுப்பூவை அடகு வைத்து அபாயா வாங்கினார்கள். பர்தாவுக்குள் காது வெறுமையாக இருந்தது யாருக்கும் தெரியாது. ஆனால் அவளுக்குத் தெரியும். "இவ்வளவு செலவழிச்சது, கிடைக்காட்டி என்ன செய்ற" என்று அந்தப் பிள்ளை வழி முழுக்க யோசித்துக்கொண்டு போயிருக்கிறாள். அந்தக் காசைப் பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் முதல் நாளே போய்ச் சொந்தக்கார வீட்டில் தங்குங்கள்.

இன்னொன்று. எதை உடுத்துவது என்று கடைசியில் தீர்மானிக்க வேண்டியவள் போகிற பிள்ளைதான். நீங்கள் ஆலோசனை சொல்லுங்கள், மார்க்கத்தின் எல்லையைச் சொல்லுங்கள், எல்லாம் சரி. ஆனால் நாளைக்கு நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நின்று நூறு தீர்மானம் எடுக்கப் போகிறவள் அவள். தன் உடுப்பைத் தானே தெரிவு செய்து, அதற்குக் காரணம் சொல்லத் தெரிந்த பிள்ளை, அந்த மேசைக்கு முன்னால் எந்தக் கேள்விக்கும் தடுமாற மாட்டாள். வீட்டில் பேச விடாத பிள்ளை அங்கே போய் எப்படிப் பேசும்?

மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சேர்மார், மிஸ்மார் யாராவது இதை வாசித்தால் ஒரு வேண்டுகோள். உடுப்பில் உண்மையாகவே ஒரு நிபந்தனை இருந்தால் அழைப்புக் கடிதத்தில் மூன்று மொழியிலும் ஒரு வரி எழுதிவிடுங்கள். இல்லையென்றால் "நிபந்தனை இல்லை" என்று எழுதுங்கள். அந்த ஒரு வரி இல்லாததால் எத்தனை வீடுகளில் எத்தனை நாள் சண்டை என்று உங்களுக்குத் தெரியாது.

கடைசியாக, எங்கள் மூவரிடமும் சேர்த்து நான்கு அபாயாவும், கொசுவம் தைத்து வைத்த இரண்டு சாரியும், வெவ்வேறு அளவில் ஐந்து சோடிச் சப்பாத்தும் இருக்கின்றன. தேவைப்படுகிற பிள்ளைகள் இன்பொக்ஸில் உயரத்தை மட்டும் எழுதுங்கள், பெயர் வெளியே வராது. ஆனால் ஒரு நிபந்தனை: பரீட்சைக்கு ஒரு கிழமைக்கு முன்னாடியே வந்து எடுத்துக்கொண்டு போய், வீட்டில் உடுத்துப் பழக வேண்டும். வரும்போது ஃபைலையும் கொண்டு வாருங்கள், நாங்களும் ஒரு தடவை எண்ணிப் பார்க்கிறோம்.

அல்லாஹ் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலேசாக்குவானாக. தேவைப்படுகிறவர்களுக்குப் போய்ச் சேரும்வரை பகிருங்கள்.